தவறிய மூன்று தாள்கள்

நம்மிடமுள்ள ‘காஃபியா’ நூலின் பழைய பிரதியொன்றினுள் நான்காக மடித்த மதிப்பெண் பட்டியல் ஒன்று இருக்கிறது. 1990ஆம் ஆண்டு நவம்பரில் நாம் எழுதிய முதற்பருவத் தேர்வின் பட்டியல் அது. பொதுத் தமிழ் 44, இக்கால இலக்கியம் 47, தமிழக வரலாறும் பண்பாடும் 28, ஆங்கிலம் 19, நன்னூல் எழுத்ததிகாரம் 31. அக்கல்லூரியில் தேர்ச்சிக்கு 40 வேண்டும். ஐந்து தாள்களில் மூன்றில் நாம் தவறியிருந்தோம்.

ஆங்கிலத்தில் தவறியதைக் கேட்டு எவரும் வியக்கமாட்டார். வரலாற்றைக்கூட மன்னித்துவிடலாம். நன்னூலில் தவறியதைத்தான் நம்மால் தாங்க முடியவில்லை. ஏனெனில் எழுத்ததிகாரச் சூத்திரங்கள் அனைத்தும் அன்று நமக்கு மனப்பாடம். நள்ளிரவில் எழுப்பிக் கேட்டாலும் பாயிரம் தொடங்கி உருபு புணரியல் வரை பிசகின்றிச் சொல்லியிருப்போம். அப்படிப்பட்டவனுக்கு 31!

மேலப்பாளையத்தில் நெசவும் பீடியும் அறியாத வீடு அக்காலத்தில் குறைவு. வாப்பா தறியை விட்டுவிட்டுச் சிறு கடையொன்றில் கணக்கெழுதிக் கொண்டிருந்தார்கள். உம்மா பீடி சுற்றினார்கள். எட்டாம் வகுப்போடு நாம் பள்ளியை விட்டு மதரஸாவில் சேர்ந்தோம். ஏழாண்டுகள் ஓதினோம். இடையில் பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் தனித்தேர்வராக எழுதினோம். பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத்தில் நாம் பெற்றது 200க்கு 71. எழுபது இருந்தாலே தேறலாம் என்பதால் அந்த ஒரு மதிப்பெண்ணை உபரி என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டோம்!

ஆலிம் ஸனது பெற்ற கையோடு தமிழிலக்கியம் படிக்கத் திருச்சியிலுள்ள ஒரு கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது மஹல்லாவில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. “ஓதின பிள்ளைக்கு இது எதற்கு?” என்று பெரியவர் ஒருவர் வாப்பாவிடமே கேட்டார். நம் உஸ்தாத் மட்டும் தடுக்கவில்லை. “போய்ப் படியும், ஆனால் உமக்குப் பின்னால் இன்னும் சில பிள்ளைகள் பார்த்துக் கொண்டிருக்கிறார்கள், அதை மறந்துவிடாதீர்” என்றார்கள். அவர்கள் குறிப்பிட்ட பிள்ளைகளில் ஒருவர் நமக்கு இரண்டு ஜும்ரா பின்னால் ஓதியவர். நம்மைக் ‘காக்கா’ என்று அழைப்பார். அவரைப் பற்றிப் பின்னர் சொல்வோம்.

திருச்சியில் ஒரு பள்ளிவாசல் அறையில் தங்க இடம் கிடைத்தது. அதற்கு ஈடாக மக்ரிபுக்குப் பின் மக்தபுப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்க வேண்டும். கல்லூரியில் முதல் மாதம் பிறை பார்ப்பவனைப் போல அண்ணாந்தபடியே கழிந்தது. ஒருமுறை ஆங்கில வகுப்பில் ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னார்கள். அரபு மக்ரஜில் பழகிய நாவால் ஆங்கிலச் சொற்களை நாம் ஒலித்த விதம் வகுப்பையே சிரிக்க வைத்துவிட்டது. விரிவுரையாளரும் முகத்தைத் திருப்பிக் கொண்டுதான் சிரித்தார். அதன்பின் ஆங்கில வகுப்பு நேரத்தில் நாம் நூலகத்தில் இருந்தோம். பிறகு நூலகத்துக்குப் போவதும் குறைந்து பள்ளிவாசல் அறையே கதியாயிற்று. வருகை நூற்றுக்கு 75 வேண்டும் என்பதே பருவம் முடியும் தறுவாயில்தான் உறைத்தது. மக்தபுச் சம்பளத்திலிருந்து அபராதம் கட்டித் தேர்வெழுதினோம்.

நன்னூல் தேர்வில் நிகழ்ந்தது வேறு. மூன்று மணி நேரத்தில் ஐந்து வினாக்களுக்கு விடை எழுத வேண்டும். வினா ஒன்றுக்கு 20 மதிப்பெண். மதரஸாவில் நம்மை உஸ்தாதின் முன் அமர்த்திக் கிதாபைத் திறந்து வைத்துக் கேட்பார்கள், நாம் சொல்வோம். தேர்வு என்பதே நமக்கு நாவின் வேலைதான். தனித்தேர்வராக எழுதிய பள்ளித் தேர்வுகளிலோ சிறுவினாக்களால் கரையேறிவிட்டோம். பக்கம் பக்கமாகத் தமிழை இடமிருந்து வலமாக விரைந்து எழுதும் பழக்கம் நம் கைக்கு இருந்ததே இல்லை. அன்று ஒவ்வோர் எழுத்தையும் குத்பாப் பலகையில் எழுதுவதுபோல வடிவாக வரைந்துகொண்டிருந்தோம். மணி அடித்தபோது இரண்டு விடைகள் முடிந்திருந்தன. மூன்றாவதில் நான்கு வரிகள்.

முடிவு 1991 ஜனவரியில் வந்தது. அன்றிரவு வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதினோம். ‘தேர்வு முடிவு இன்னும் வரவில்லை; உங்கள் துஆவால் நன்றாகப் படித்து வருகிறேன்’ என்று எழுதினோம். ஏழாண்டுகள் ஹதீஸ் ஓதியவன் எழுதிய கடிதம் அது. அடுத்த வாரம் உம்மாவின் பணவிடை வந்தது. தமிழெழுத்து அறியாத உம்மா, பணவிடைத் தாளில் செய்திக்கென்று விட்டிருக்கும் சிறிய இடத்தில் அரபுத்தமிழில் எழுதியிருந்தார்கள்: ‘பால் வாங்கிக் குடி. ராத்திரி கண் முழிக்காதே.’ தபால்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “என்ன பாஷை தம்பி இது?” என்று கேட்டார். ‘தமிழ்தான்’ என்று சொல்லவும் நமக்கு அன்று நா எழவில்லை.

அந்த மாதத்திலேயே நம் இளைய தோழரின் கடிதமும் வந்தது. ‘காக்கா, வரும் ஜூனில் நானும் அங்கே சேரலாமா? ஓதிய பிள்ளைகளால் அங்கே தாக்குப்பிடிக்க முடியுமா? நீங்கள் சொன்னால் வாப்பாவிடம் பேசுவேன்’ என்று கேட்டிருந்தார். ‘முடியும்’ என்று எழுதினால் பொய். ‘முடியாது’ என்று எழுதினால் நம் தோல்வி வெளிப்படும். அத்தோடு நமக்குப் பின்னால் வரவேண்டிய அத்தனை பேருக்கும் கதவைச் சாத்தியவர்கள் ஆவோம். நாம் பதிலே எழுதவில்லை.

இமாம் ஸீபவைஹியின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு ஒரு செய்தி நினைவிருக்கும். பாரசீக நாட்டிலிருந்து பஸராவுக்கு வந்த அவருக்கு அரபு தாய்மொழியன்று. ஹம்மாத் இப்னு ஸலமா அவர்களிடம் ஹதீஸ் படித்து வந்தார். ஒருநாள் ஒரு வாக்கியத்தில் ‘லைஸ’ என்ற சொல்லுக்குப் பின் ‘அபா’ என்று வரவேண்டிய இடத்தில் ‘அபூ’ என்று வாசித்துவிட்டார். ஆசிரியர் சபையிலேயே திருத்தினார். இனி எவரும் தம் மொழியில் பிழை காணாதபடி ஒரு கல்வியைத் தேடுவேன் என்று கூறி எழுந்துபோன ஸீபவைஹி, கலீல் இப்னு அஹ்மத் அவர்களின் மாணவரானார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அரபிலக்கணத்தின் தலைநூலாகிய ‘அல்கிதாப்’ அப்படிப்பட்டவரின் கையிலிருந்து வந்ததுதான்.

இக்கதையை நாம் மதரஸாவிலேயே ஓதியிருந்தோம். மக்தபுப் பிள்ளைகளுக்குச் சொல்லியும் இருந்தோம். ஆனால் அந்த ஜனவரியில் அது நமக்கு எந்தப் பயனும் தரவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பெரியவர்களின் சறுக்கல் கதையில் எழுச்சி அடுத்த வரியிலேயே வந்துவிடுகிறது. எழுந்துபோன ஸீபவைஹி அன்றிரவு என்ன செய்தார், உண்டாரா, உறங்கினாரா என்று எவரும் எழுதி வைக்கவில்லை. நமக்கு வேண்டியிருந்தது அதுதான்.

பிப்ரவரியில் இலக்கணப் பேராசிரியர் நம்மை ஆசிரியர் அறைக்கு அழைத்தார். திருநீறு துலங்கும் நெற்றி, அதிகம் பேசாதவர். மதிப்பெண் ஏட்டைப் புரட்டிவிட்டு, “தம்பி, எத்தனை வினா எழுதினாய்?” என்றார்.

“இரண்டு ஐயா. மூன்றாவதைத் தொடங்கினேன்.”

“இரண்டு வினாவுக்கு 31ஆ?” ஏட்டை மூடி வைத்தார். “நாற்பதுக்கு 31 வாங்கியவன் இலக்கணத்தில் தவறவில்லை. உன் நோய் கையில் இருக்கிறது.”

அதுவரை நாம் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை. நூற்றுக்கு 31 என்பதை மட்டுமே இரவு பகலாக எண்ணிக் கொண்டிருந்தோம்.

பிறகு அவர், பாயிரத்தில் மாணாக்கன் பாடங்கொள்ளும் முறை பற்றிய பகுதியைச் சொல்லச் சொன்னார். சொன்னோம். பொருள் கேட்டார். ஆசிரியர் உரைத்ததைப் பழுதறக் கொண்டாலும் மாணாக்கனுக்குக் கைவருவது காற்பங்கே. உடன் பயில்வாரோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கும் தான் பிறருக்கு எடுத்துரைக்கும்போதே நிரம்பும் என்று விளக்கினோம்.

“நீ இங்கே யாரோடு பயில்கிறாய்?”

நாம் பேசவில்லை.

“உங்கள் மதரஸாவில் எப்படிப் படித்தீர்கள்?”

அதைச் சொல்லத் தொடங்கியபோதுதான் நமக்கே விளங்கிற்று. பாடத்துக்கு முந்தைய இரவு கிதாபைத் தாமே பார்த்து வைப்பது முதாலஆ. காலையில் உஸ்தாதிடம் கேட்பது ஸபக். மாலையில் இருவர் மூவராய் அமர்ந்து ஒருவர் உஸ்தாதாகவும் மற்றவர் மாணவராகவும் மாறி மாறி அதே பாடத்தைச் சொல்லிக் கொள்வது தக்ரார். பவணந்தி முனிவர் கால், கால், அரை என்று பங்கிட்டதை நாம் ஏழாண்டுகள் பெயர் தெரியாமலே செய்து வந்திருக்கிறோம். கல்லூரிக்கு வந்ததும் அது பழைய உலகத்துப் பழக்கம், இங்கே செல்லாது என்று நாமே முடிவுகட்டி, பாயைச் சுருட்டுவதுபோலச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டோம். புதிய உலகத்துப் பழக்கம் எதையும் கற்கவும் இல்லை. இடையில் வெறுங்கையோடு நின்றிருந்தோம்.

பேராசிரியர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. “நாளை முதல் தினமும் ஒரு விடை. ஒன்றுக்கு 35 நிமிடம். கடிகாரம் வைத்து எழுதி என் மேசையில் வை” என்று மட்டும் சொன்னார். முதல் விடை ஒரு மணி பத்து நிமிடம் பிடித்தது. மறைக்காமல் தாளின் தலைப்பில் அதையும் எழுதி வைத்தோம். அவர் விடையைத் திருத்தினார்; நேரத்தைச் சிவப்பில் வட்டமிட்டார். மூன்றாம் வாரம் 50 நிமிடம் ஆயிற்று. எழுத்தின் அழகு போயிற்று. மார்ச் கடைசியில் 35க்கு வந்து சேர்ந்தபோது நம் கையெழுத்தை நாமே அடையாளம் காண முடியவில்லை. இன்றுவரை அது திரும்பவும் அழகாகவில்லை.

தக்ராருக்கு ஆள் தேடுவதுதான் கடினமாக இருந்தது. ‘எனக்கு அரியர் இருக்கிறது’ என்று வாய்திறந்து சொன்னால்தானே இன்னொரு அரியர்க்காரர் தென்படுவார்? சொன்னபோது இருவர் தென்பட்டனர். ஒருவர் துறையூர்ப் பக்கத்து விவசாயி மகன். மற்றவர் நகரத்துப் பையன். இருவரும் அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் திண்ணைக்கு வருவார்கள். வரலாற்றை நகரத்துத் தோழர் சொல்ல, இலக்கணத்தை நாம் சொல்வோம். துறையூர்த் தோழர் கேள்வி கேட்பார். அவரைப்போலக் கேள்வி கேட்க நம் மதரஸாவிலும் ஆளில்லை. முஅத்தின் ஸாஹிப் மூவருக்கும் தேநீர் வாங்கி வருவார். பிறகு அவரும் ஓரமாக உட்கார்ந்து குற்றியலுகரம் கேட்பார்.

ஒருநாள் எழுத்துகளின் பிறப்பைச் சொல்ல வேண்டியிருந்தது. உயிரும் இடையினமும் மிடற்றிலும், மெல்லினம் மூக்கிலும், வல்லினம் நெஞ்சிலும் இடங்கொள்ளும் என்று நன்னூல் வகுக்கிறது. துறையூர்த் தோழர், “இதெல்லாம் எப்படிப்பா தெரியும்? நெஞ்சில பிறக்குதா தொண்டையில பிறக்குதான்னு யார் உள்ளே போய்ப் பார்த்தா?” என்றார். நாம் யோசிக்காமலே அவரை வாய்திறக்கச் சொல்லி, மக்தபுப் பிள்ளைகளுக்குத் தஜ்வீத் சொல்லிக் கொடுப்பதுபோலச் சொல்லத் தொடங்கிவிட்டோம். ‘ஐன்’ நடுத்தொண்டையில், ‘காஃப்’ நாவின் அடியில், ‘மீம்’ இதழ்கள் பொருந்தி மூக்கில் ஒலி கலக்க. ஸீபவைஹி தம் நூலில் 16 மக்ரஜ் வகுத்தார். 17 என்பது அவருடைய ஆசிரியர் கலீல் பெயரால் வழங்கும் கணக்கு. அந்தக் கலீல் தம் அகராதியையே அலிஃபில் தொடங்காமல் தொண்டையில் பிறக்கும் ‘ஐன்’ எழுத்தில் தொடங்கினார். தொல்காப்பியர் காற்று உந்தியிலிருந்து எழுந்து தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டிடங்களைப் பொருந்துவதைச் சொல்கிறார். ஏழாண்டு ஓதியதும் அரையாண்டு படித்ததும் அந்தத் திண்ணையில்தான் முதன்முதலாக ஒன்றையொன்று பார்த்துக் கொண்டன. தோழர்கள் இருவரும் ஐன் சொல்ல முயன்று இருமிக் கொண்டிருந்தார்கள்.

ஆங்கிலம் இவ்வளவு எளிதில் வசப்படவில்லை. வகுப்புக்குத் திரும்பப் போய் உட்காருவதே முதல் வாரம் பெரும்பாடாக இருந்தது. அரபு வாக்கியங்களுக்குத் தர்கீப் செய்வதுபோல ஆங்கில வாக்கியத்தையும் எழுவாய், பயனிலை என்று பிரித்து அடியில் எழுதிப் பழகினோம். பொருள் பிடிபட்டது, எழுத வரவில்லை. இரண்டாம் முறையும் தவறினோம். மூன்றாம் முறையும் தவறினோம்.

1991 மே விடுமுறைக்கு ஊர் போனபோது ஏப்ரலில் திரும்ப எழுதிய தாள்களின் முடிவு வரவில்லை. நல்ல முடிவைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னால் அது சொன்னதாகாது என்று தோன்றியது. உம்மா முற்றத்தில் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக் கொண்டிருந்தார்கள். எதிரில் உட்கார்ந்து, ஜனவரியில் எழுதிய கடிதம் பொய் என்றும் மூன்று தாள்களில் தவறிவிட்டது என்றும் சொன்னோம். உம்மாவின் விரல்கள் நிற்கவில்லை. சிறிது நேரம் கழித்து, “கழிச்சுட்டாங்களா?” என்று கேட்டார்கள். பீடிக்கடையில் சரியில்லாத பீடிகளை ஒதுக்குவதற்கு அதுதான் பெயர்.

“ஆமாம் உம்மா.”

“திரும்பச் சுத்திக் கொடுத்தா எடுத்துக்கிடுவாங்களா?”

“எடுத்துக்கொள்வார்கள். பணம் கட்டி மறுபடி எழுத வேண்டும்.”

“அப்போ நம்ம பீடிக்கடைக்காரரைவிட அவங்க நல்லவங்கதான் வாப்பா” என்றார்கள். ஒதுக்கிய பீடிக்கு இலையும் போயிற்று, தூளும் போயிற்று, கூலியும் இல்லை என்பது அவர்கள் அறிந்த நீதி. வாப்பாவிடம் அவர்களே சொன்னார்கள். வாப்பா இரண்டு நாள் நம்மோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தேர்வுக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டார்கள். தவறியதற்காக அல்ல, பொய் எழுதியதற்காகத்தான் அந்த இரண்டு நாள் என்பதை உம்மா பின்னர் சொல்லி அறிந்தோம்.

ஜூனில் முடிவு வந்தது. நன்னூல் 68, வரலாறு 52. ஆங்கிலம் 1992 நவம்பரில்தான் 43 பெற்று நம்மை விட்டது. இளங்கலையில் இரண்டாம் வகுப்பே கிடைத்தது. முதற்பருவத்தின் பள்ளம் அவ்வளவு ஆழம். முதுகலையில் முதல் வகுப்பு வந்தது. பின்னர் ஆசிரியப் பணியும் வந்தது.

ஆனால் அந்தக் கடிதம் பதிலின்றியே கிடந்தது. எழுதக்கூடிய நிலைமை வந்தபோது விசாரித்தோம். நம் இளைய தோழர் அந்த ஆண்டே சவூதியில் ஒரு கடை வேலைக்குப் போய்விட்டிருந்தார். அவர் விடுமுறையில் வரும்போது நாம் ஊரிலிருப்பதில்லை. இருந்தபோதும் இருவருக்கிடையே ஸலாமுக்கு மேல் பேச்சு வளர்ந்ததில்லை.

2022ஆம் ஆண்டு மேலப்பாளையத்தில் ஒரு திருமண வீட்டில் அவரே நம்மருகே வந்து உட்கார்ந்தார். தாடி நரைத்திருந்தது. மகள் வேதியியல் படிக்கிறாளாம். முதற்பருவத்தில் இரண்டு தாள் போய்விட்டதாம். அவரிடம் சொல்லாமல் தாயிடம் மட்டும் சொல்லி அழுகிறாளாம். “காக்கா, நீங்க படிச்சவங்க. கொஞ்சம் பேசுங்களேன்” என்றார்.

பந்தி எழுந்துவிட்ட அந்தக் கூடத்திலேயே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். 19ஐயும் 28ஐயும் 31ஐயும் சொன்னோம். அவருடைய கடிதம் நமக்குக் கிடைத்ததையும் சொன்னோம். அவர் வெகுநேரம் இலைகளை அள்ளுவோரையே பார்த்துக் கொண்டிருந்தார்.

“நீங்க பெயிலானீங்களா?” என்றார் கடைசியில். “பெரிய படிப்புக்குப் போனதும் என்னை மறந்துட்டீங்கன்னுல்லா காக்கா முப்பது வருசமா நெனச்சிட்டிருந்தேன்.”

நம்மால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. மன்னிப்புக் கேட்டோம். அவர் நம் கையைப் பிடித்துக்கொண்டு, “வீட்டுக்கு வாங்க” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை காஃபியாவை எடுத்துக்கொண்டு போனோம். அந்தப் பெண் முக்காட்டைச் சரிசெய்தவாறு எதிரில் உட்கார்ந்தாள். பட்டியலை அவளிடம் கொடுத்தோம். மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டு வந்தவள் ‘ஆங்கிலம் 19’ என்ற இடத்தில் தன்னையறியாமல் சிரித்துவிட்டாள். பிறகு எழுந்துபோய்த் தன் பட்டியலை எடுத்து வந்து அதன் பக்கத்தில் வைத்தாள். எத்தனை வினா எழுதினாய், எவ்வளவு நேரம் மீந்தது, யாரோடு படிக்கிறாய் என்று கேட்டோம். யாரோடும் இல்லை என்றாள்.

வேதியியலில் நமக்கு ஓரெழுத்தும் தெரியாது. ஆகவே அவள்தான் நமக்கு அதைச் சொல்லித்தர வேண்டும் என்றோம். தினமும் மாலை ஒரு மணி நேரம்; கேள்வி கேட்பது நம் வேலை. அவள் விளையாட்டென்று நினைத்தாள். வாசலில் செருப்பை மாட்டிக் கொண்டிருந்த அவள் வாப்பா அதைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

அவள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து இரண்டு வட்டங்கள் வரைந்தாள்.

“பெரியவாப்பா, அணுவும் அணுவும் ஏன் ஒண்ணு சேருதுன்னு தெரியுமா?”

“தெரியாது” என்றோம் இருவரும்.